தொட்டும் தொடாமலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கிழக்குக் கரையில் உள்ள திருக்கோவில் என்ற ஊரில் இருந்து எழுதுகிறேன். மூன்று விடயங்கள் கேட்க வேண்டும். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஒரு 'ஈர்ப்புத் துளை' இருக்கிறது, அங்கே கடல் 106 மீட்டர் பள்ளமாகக் கிடக்கிறது, கப்பல்களை உள்ளே இழுத்துவிடும் என்று ஒரு வீடியோ வந்தது. சுனாமியில் எங்கள் வீட்டில் இருவரைப் பறிகொடுத்தோம். வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து அம்மா சரியாக உறங்குவதில்லை. இது உண்மையா? இரண்டாவது, பூரணை இரவில் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது நிலவின் ஈர்ப்பினாலா? மூன்றாவது, தரம் 7இல் படிக்கும் என் மகள், 'தேங்காய் விழுகிறது, நிலா ஏன் விழவில்லை?' என்று ஓயாமல் கேட்கிறாள். பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்டு என்ன பயன், புத்தகத்தில் உள்ளதைப் பாடமாக்கு என்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் உறுத்தியது. நான் சொன்னது சரிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் பக்கத்து வளவில் மேல்மாடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். மேசன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். லேசர்க் கருவியை முக்காலியில் நிறுத்திச் சுவரெங்கும் பச்சைக் கோடு விழவைத்து வேலை செய்தான். பொழுதுபடும் நேரத்தில் என்ன சந்தேகம் வந்ததோ, சாக்குக்குள் கையை விட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் ஒரு தூக்குக்குண்டை எடுத்தான். நூலை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். தலையை ஆட்டினான். சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அன்றிரவு முழுவதும் வேறு நினைவில்லை. என் அப்பா ஆரையம்பதியில் மேசனாக இருந்தவர். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாலும் என் கை அந்த நூலைத்தான் தேடுகிறது.

முதலில் அம்மாவின் உறக்கம். அவரை உட்காரவைத்து இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

பள்ளம் பொய்யல்ல. ஒல்லாந்து நாட்டு அறிஞர் வெனிங் மெய்னஸ் 1948இல் கப்பலில் ஈர்ப்பை அளந்துகொண்டு வந்தபோது கண்டறிந்தது அது. பூமியின் உள்ளே எல்லா இடமும் ஒரே கனமில்லை. கனம் கூடிய இடம் கடல்நீரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது, கனம் குறைந்த இடத்தில் நீர் தாழ்ந்து நிற்கிறது. பூமியை வழுவழுப்பான, நடுவில் சற்றே புடைத்த உருண்டையாகக் கணக்கில் வரைந்து அதனோடு ஒப்பிட்டால், அந்த இடத்தில் கடல்மட்டம் 106 மீட்டர் கீழே வரும். பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த சூடான, இலேசான பாறைப்பொருளே அதற்குக் காரணம் என்று 2023இல் பெங்களூரு இந்திய விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் கணினிக் கணக்குகளால் விளக்கினார்கள்.

ஆனால் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அந்தப் பள்ளம் மட்டமானது. தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும். தொங்கும் நூலுக்குச் செங்குத்தாக இல்லாத பரப்பைத்தான் சரிவு என்கிறோம். அந்தக் கடலில் எந்த இடத்தில் நின்று தூக்குக்குண்டை விட்டாலும் நூல் நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்கும். ஆகவே தண்ணீருக்கு ஓட ஒரு திசை இல்லை, கப்பலுக்குச் சரிய ஒரு பக்கம் இல்லை. அதன்மேல் கப்பல்கள் நாள்தோறும் போய்வருகின்றன, மாலுமிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்னொன்றையும் சொல்லுங்கள். இலங்கை முழுவதுமே அந்தத் தாழ்வின் உள்ளேதான் இருக்கிறது. திருக்கோவில் கரையிலும் அந்தக் கணக்கின்படி கடல் ஏறக்குறைய 100 மீட்டர் தாழ்ந்தே நிற்கிறது. அம்மா பிறந்தது, நடை பழகியது, உங்களைப் பெற்றது எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான். அங்கே போனால் உடம்பின் நிறை குறையுமா என்று கேட்பாராயின், குறையும், எந்த வீட்டுத் தராசுக்கும் தெரியாத அளவு. (தமிழகத்து வாசகர்கள் குழம்ப வேண்டாம். நாங்கள் நிறை என்பது உங்கள் எடை. உங்கள் நிறையை நாங்கள் திணிவு என்கிறோம். திணிவு நல்ல சொல், எடுத்துக்கொள்ளுங்கள்.)

2004இல் வந்தது வேறு. சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தரை அசைந்து நீரைத் தூக்கிவிட்டது. தூக்கிய நீரை ஈர்ப்பு கீழே இழுத்தது, அந்த இழுப்பே அலையாகப் பரவியது. அதன் வேகம் ஈர்ப்பையும் கடலின் ஆழத்தையும் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன்மேல் ஏறி உயர்கிறது. நமது அன்றைய நேரம் காலை 6.58க்கு நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. அந்த நேரம் முழுவதும் யாரும் நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. இப்படிப்பட்ட ஒரு கரைக்குக் 'கடல் விழுங்கப் போகிறது' என்று வீடியோ செய்து அனுப்புகிறவர்கள் அநியாயக்காரர்கள். அதை அம்மாவின் கைபேசிக்கு அனுப்பியவர் யாரென்று தேடிப்பிடித்து நேரில் கேளுங்கள்.

பாடும் மீன் பற்றி நீட்டப் போவதில்லை. நிலவு கடலை உயர்த்துவது உண்மை, அதுதான் வற்றுப்பெருக்கு. நம் கரையில் அது ஒரு மீட்டருக்குக்கூட வராது. அந்த ஈர்ப்பு மீனுக்குக் குரல் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேளுங்கள். அது போதும்.

இனி மகள்.

நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். தேங்காய் காம்பிலிருந்து விடுபட்ட முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலா பூமியின் மையத்திலிருந்து தேங்காயைவிட 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60ஐ 60ஆல் பெருக்கிய அளவு குறையும், அதாவது 3600இல் ஒரு பங்கு. 4.9 மீட்டரை 3600ஆல் பிரிக்கச் சொல்லுங்கள். 1.4 மில்லிமீட்டர் அளவில் வரும். நிலா ஒரு விநாடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது, அதே விநாடியில் பூமியை நோக்கி அந்த 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. பக்கவாட்டு ஓட்டம் நிலாவை அப்பால் கொண்டுபோகப் பார்க்கிறது, விழுவது அதைத் திருப்பி வளைக்கிறது. நேராகப் போயிருக்க வேண்டிய பாதை இப்படி வளைந்து வளைந்து வட்டமாகிவிட்டது. நியூட்டன் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது கடந்திருந்தது. விடை நூலாக வந்தது 1687இல். உங்கள் மகள் தரம் 7இல் கேட்டிருக்கிறாள், நீங்கள் வாயை மூடச் சொல்லியிருக்கிறீர்கள்!

தம்பி, உங்கள்மேல் எனக்குக் கோபம். 'பாடமாக்கு' என்ற அந்த ஒரு சொல்லைப்போல நம் பிள்ளைகளைக் கெடுத்தது வேறொன்றுமில்லை. புவியீர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி கூடும் அளவு, 9.8 என்று பாடமாக்குகிறார்கள், புள்ளி வாங்குகிறார்கள். மட்டக்களப்பில் அது 9.78, துருவத்தில் 9.83, பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் அப்படி என்று எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது? கேட்க விட்டால்தானே. உன்னிச்சைக் குளத்து நீர் ஒரு பம்பும் இல்லாமல் வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது. எந்த வக்கடையை எவ்வளவு வெட்டினால் கடைசி வயலுக்கும் நீர் போய்ச் சேரும் என்று வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானைக்குத் தெரியும். அவரைப் படிக்காதவர் என்கிறோம். வரைவிலக்கணத்தை எழுதிக் காட்டியவரைப் படித்தவர் என்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். அப்பாவின் தூக்குக்குண்டு பித்தளை. நூல் ஒரு சிறு மரக்கட்டையின் நடுத்துளை வழியாக ஓடும். கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையைச் சுவரின் உச்சியில் வைத்துப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அழுத்திக்கொண்டு நின்றால் சுவரின் தலை அப்பால் சாய்ந்திருக்கிறது, விலகி நின்றால் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. 'ஒரு கடதாசி நுழைய வேண்டும், இரண்டு நுழையக்கூடாது' என்பார். பின்னேரத்தில் வாவிக் காற்று வந்தால் குண்டு நிற்காது. அப்போது வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதற்குள் குண்டைத் தொங்கவிடுவார், ஆட்டம் அடங்கும். வாளியைப் பிடிப்பதும், 'நின்றுவிட்டது' என்று சொல்வதும் என் வேலை. காத்திருக்கும் நேரத்தில் எண்ணிக்கொண்டிருப்பேன். குண்டு பெரிதாக ஆடினாலும், ஆட்டம் ஒரு விரல் அளவுக்குச் சுருங்கினாலும், ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் மாறவில்லை. நூலை நீட்டினால்தான் மாறியது. எனக்கு அப்போது பத்து வயது. இதையே முன்பு கண்டுசொன்ன கலிலியோவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில், 'புவியீர்ப்பு பூமியின் மையத்தை நோக்கியே இழுக்கும்' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். நான் எழுந்து கேட்டேன்: "சேர், எல்லா நூலும் பூமியின் மையத்தை நோக்கித் தொங்கினால், அப்பா கட்டும் இரண்டு சுவரும் சமாந்தரமாக இருக்க முடியாதே? மேலே போகப் போக விலகுமே?" அவர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேசனின் மகளுக்கு மேசன் புத்திதான் வரும். உட்கார்" என்றார். வகுப்பு சிரித்தது. அந்தத் தவணைப் பரீட்சையில் வரைவிலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன். அதன்பிறகு நான் விஞ்ஞான வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உயர்தரத்தில் கலைப் பிரிவுக்குப் போய்விட்டேன்.

கேள்வி சரியானது, தம்பி. இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றின் குறுக்கே 1981இல் திறந்த தொங்குபாலத்துக்கு இரண்டு கோபுரங்கள், இடையே 1410 மீட்டர். இரண்டும் தூக்குநூலுக்குச் சரியாக நிற்கின்றன. ஆனாலும் அடியில் இருப்பதைவிட உச்சியில் 36 மில்லிமீட்டர் கூடுதலாக விலகியிருக்கின்றன, பூமி உருண்டை என்பதனால். நூலும்கூட எப்போதும் மையத்தையே பார்ப்பதில்லை. 1774இல் மாஸ்கெலின் என்ற வானியலாளர் ஸ்கொட்லாந்தில் ஷிஹாலியன் மலையின் இரு பக்கமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை குண்டைத் தன் பக்கம் சற்றே இழுக்கிறது என்று காட்டினார். அந்தச் சிறு விலகலிலிருந்துதான் முழுப் பூமியும் எவ்வளவு அடர்த்தியானது என்று கணித்தார்கள். ஒரு குண்டும் ஒரு நூலும் கொண்டு, பூமியையே தராசில் வைத்து நிறுத்த மாதிரி! அதை நாற்பது வயதில் நானாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். அப்பா அப்போது இல்லை.

'பரீட்சைக்கு வராததைக் கேட்டு என்ன பயன்' என்றீர்கள். அதே 2004 டிசம்பர் 26ஆம் திகதி, தாய்லாந்தின் புக்கெட்டில் மை காவ் கடற்கரையில், பெற்றோருடன் விடுமுறைக்கு வந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி நின்றாள். கடல் நுரைத்து வந்த விதம் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிக் கேட்டது நினைவுக்கு வந்தது. கத்தினாள், பெரியவர்கள் கேட்டார்கள், கடற்கரையைக் காலிசெய்தார்கள், நூறு பேரளவில் தப்பினார்கள். பிள்ளை சொன்னதைக் கேட்ட பெரியவர்கள் அவர்கள். இதற்குமேல் உங்களுக்கு என்ன பயன் வேண்டும்?

வகுப்பு சிரித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சாப்பிட்டபின் அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு, பாதி கட்டிக் கிடந்த எங்கள் முன் அறைக்குப் போனார். எதிரெதிர்ச் சுவர்களில் நூல் விட்டார். மேலே ரேப்பைப் பிடித்து இடைவெளியை அளந்தார், கீழே குந்தியிருந்து அளந்தார். மறுபடியும் மேலே, மறுபடியும் கீழே. பன்னிரண்டடி, பன்னிரண்டடி. நெடுநேரம் ரேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ரேப்புக்குத் தெரியவில்லை மகள். அதற்காக நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்" என்றார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்கு வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. அதைத்தான் அவர் லாம்பு வெளிச்சத்தில் தேடினார்.

வரும் விடுமுறையில் மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆரையம்பதிக்கு வாருங்கள். குண்டு என்னிடம் இருக்கிறது. நூல் இற்றுவிட்டது, மாற்ற வேண்டும். கட்டை கறையான் அரித்துப் போயிற்று, குண்டின் அகலத்துக்குப் புதிதாக ஒன்று சீவித் தர அந்த மேசன் பையனிடம் சொல்லியிருக்கிறேன். காற்று எழும்பும் முன் காலையிலேயே வந்துவிடுங்கள். வாளியை மகள் பிடிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா