இஸ்டெல் பற்றிய பேச்சு: நிர்வாகி பகுதியை வெட்டாதீர்கள்

பல்லாவரத்தில் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு உங்கள் மகள் ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாரசூட்டோடு குதிக்கும் விளையாட்டு) முன்னோடி ஜாக் இஸ்டெலைப் பற்றித் தயார் செய்கிறாள், மூன்று நிமிடத்தில் அடங்கவில்லை, "விளையாட்டு நிர்வாகி" பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள் மேடம், சரக்கே அங்கேதான் இருக்கிறது.

பாரசூட் அவர் கண்டுபிடித்ததல்ல. 1797-லேயே பாரிஸில் கார்னெரின் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனிலிருந்து பாரசூட்டோடு குதித்துவிட்டார். 1929-இல் அதே பாரிஸில் பிறந்த இஸ்டெல், ராணுவத்தினரும் சாகசக்காரர்களும் செய்துவந்ததை அமெரிக்காவில் சாதாரண ஆட்களிடம் கொண்டுவந்தார். 1957-இல் ஒரு கம்பெனி, 1959-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆரஞ்சு என்ற ஊரில் பயிற்சி மையம். சில மணி நேரப் பாடம், அப்புறம் முதல் குதிப்பு! எப்படி முடிந்தது? பாரசூட்டோடு இணைந்த பட்டையின் மறுமுனை விமானத்தில் மாட்டியிருக்கும். ஆள் விழுந்ததும் அது இழுபட்டுப் பாரசூட் தானாகத் திறக்கும். பயத்தில் கை ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இதை ஒரு துப்பட்டாவை வைத்து மேடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1962-இல் உலகப் போட்டியே அந்தச் சின்ன ஊரில் நடந்தது. நிர்வாகம் என்றால் இதுதானே?

இஸ்டெலின் படிப்பு, கொரியப் போரில் அவர் பணியாற்றியது எல்லாம் ஒரே வரி போதும். கலிஃபோர்னியா பாலைவனத்தில் மனைவி பெயரையொட்டி ஃபெலிசிட்டி என்று ஓர் ஊரையே அமைத்த கதை சுவையானது, ஆனால் நேரத்தைத் தின்றுவிடும். "நம் நாட்டில் யார்?" என்று யாராவது கேட்டால் ரேச்சல் தாமஸ். 2002-இல் வட துருவத்தில் குதித்தவர், 2005-இல் பத்மஸ்ரீ வாங்கியவர்.