விண்டோஸ் 10 கணினியை இப்போதே 11-க்கு மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

சேரன்மகாதேவியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பது இது: கடையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன, ஒன்று 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி கொண்டது, மற்றொன்று 2021-இல் வாங்கியது, பத்தாம் தலைமுறை ஐ3 செயலி கொண்டது, இரண்டிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது, இப்போது 11-க்கு மாற்றுவதா, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடுவதா? திருநெல்வேலி சந்திப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலைச் செய்து வருபவன் என்ற முறையில் என் பதில்: 2021 கணினிக்கு நாள் குறித்துவிட்டு மாற்றுங்கள், 2016 கணினியை வற்புறுத்தி மாற்ற வேண்டாம், ஆனால் அதை இன்று இருக்கிற நிலையில் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

பொறுத்திருப்பதில் இரண்டு வகை உண்டு, அவற்றை நாம் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். புதிதாக வெளிவந்த பதிப்பை உடனே ஏற்றாமல் சில வாரங்கள் பொறுப்பது நல்ல பழக்கம். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாள்களிலேயே நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. அன்று பொறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பதிப்பின் ஆயுள் முடிந்த பிறகும் அதிலேயே இருப்பது வேறு. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5 அன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, ‘குறைகள் சரியாகட்டும்’ என்ற காரணம் அதற்குப் பொருந்தாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலை கணினி முன்பு போலவே திறந்தது, நாம் அழைப்பிதழ் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் முன்பு போலவே வந்தது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே திருத்தம் தந்திருந்தது. திருத்தம் ஏறாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. நம்மைப் போன்ற கடைகளில் நாளொன்றுக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது, எத்தனை பேருடைய ஆதார் நகலும் பத்திர நகலும் நம் வட்டில் தங்கிவிடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை நம்மை நம்பித் தந்தவை என்பதால், இதை நம் வசதிக்கான கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடிந்தது. மறுநாள் பொங்கல், அதாவது தை பிறப்பு. மார்கழி முழுவதும் முகூர்த்தம் இல்லாமல் கை ஓய்வாக இருந்தும், நான் தள்ளிப்போட்டு, பொங்கலுக்கு முந்தின வாரம் திடீரென்று பயந்து கணினியை விண்டோஸ் 10-க்கு மாற்றினேன். விண்டோஸில் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு. பழையது 32-பிட் விண்டோஸ்; அது 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது என்பதால், கூடுதல் ரேம் வாங்கிப் போட்டு 64-பிட்டுக்குப் போனேன். 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு அப்படியே ஏறிச் செல்ல வழியில்லை. வட்டை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பேஜ்மேக்கர் 32-பிட் மென்பொருளாக இருந்தாலும் 64-பிட் விண்டோஸில் சிக்கலின்றித் திறந்தது, அதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். ஆனால் மென்பொருளுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, அச்சுப்பொறி போன்ற கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவருக்குக் கிடையாது. 64-பிட் விண்டோஸுக்கு 64-பிட் டிரைவரே வேண்டும். பட்டர் தாளில் பிரதி எடுத்து அச்சுத் தகடு போடக் கொடுக்கும் என் பழைய லேசர் அச்சுப்பொறிக்கு அப்படியொரு டிரைவர் வெளிவரவே இல்லை என்பதை அன்றிரவுதான் அறிந்தேன்.

புதிதாக நிறுவிவிட்டதால் திரும்பிச் செல்லவும் வழியில்லை. தை முகூர்த்தத்துக்கான அழைப்பிதழ்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து அச்சகத்து அண்ணாச்சியிடம் போனேன். அவர் முகம் சுளிக்காமல் தம் கணினியைத் தந்தார். ஆனால் அவரிடம் இருந்த தமிழ் எழுத்துரு வேறு; பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாத மென்பொருள் என்பதால், எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம் மாறி, மணமகள் பெயரே படிக்க முடியாததாகிவிடும். மூன்று இரவுகள் இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். அவர் செய்த அந்த உதவியை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே, விண்டோஸ் 11 நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன், உங்கள் கணினியோடு எவையெல்லாம் கட்டுண்டு கிடக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அச்சுப்பொறி, ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் தமிழ் மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11-க்கான 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்திலேயே பார்த்து, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்து நிறுவினால் போதும், ஆனால் விசைப்பலகையை மாற்றித் தரும் மென்பொருளைத் தனியே சோதிக்க வேண்டும்.

2021 கணினியின் செயலி மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் அடங்கும்; இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் ஏற்கிறார்கள். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். ‘டிபிஎம் இல்லை’ என்று திரையில் வந்தால் உடனே புதுக் கணினி வாங்கிவிடாதீர்கள். பல மதர்போர்டுகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் பிடிடி (PTT) என்ற பெயரில் தேடி இயக்கலாம். வட்டை அழிக்காமல் ஏறிச் செல்லும் முறையில் மாற்றினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும்; பிடிக்காவிட்டால் 10 நாள்களுக்குள் அமைப்புகளில் சென்று விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். எனக்குக் கிடைக்காத அந்த வசதி உங்களுக்குக் கிடைக்கும், ஆகவே அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள்: அந்தப் பத்து நாள்களில் கடையின் எல்லா வகை வேலைகளையும் ஒரு முறையாவது அதில் செய்து பார்த்துவிட வேண்டும்.

2016 கணினி அந்தப் பட்டியலில் வராது. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகளைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். பிழைப்பு நடத்தும் கணினியில் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் அப்படி ஏற்றியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதற்குப் பதிலாக, விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்கும் கணினியை மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பரிசுப் புள்ளிகளோ 30 டாலர் அளவிலான கட்டணமோ தர வேண்டும். லினக்ஸுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இணைய வேலைக்கு மட்டும் என்றால் தாராளமாக மாற்றலாம், பேஜ்மேக்கர் ஓட வேண்டிய கணினிக்கு அது உதவாது.

எதைச் செய்வதற்கு முன்பும் நகல் எடுங்கள், அதைக் கடைக்கு வெளியே வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்து சந்திப்புப் பகுதிக்குள் வந்தபோது, என் கணினியும் அதன் நகலைத் தாங்கிய வெளிவட்டும் ஒரே மேசையின் கீழ்த்தட்டில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே நனைந்தன, பல ஆண்டுகளாகச் சேர்த்த வடிவமைப்புகள் போயின. இப்போது ஒரு வட்டு கடையிலும் மற்றொன்று பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியிலும் இருக்கின்றன.

நாளைப் பற்றி: ஆவணி முகூர்த்த வேலை தொடங்கிவிட்டால் நம்மால் கணினியைத் தொட முடியாது. ஆடியில் கோயில் கொடை நோட்டீஸ்களும் சங்கரன்கோவில் ஆடித்தபசுச் சுவரொட்டிகளும் இருந்தாலும், தபசு முடிந்த பிறகு ஆவணி பிறக்கும் வரை கை சற்று ஓயும். திரும்பிச் செல்வதற்கான பத்து நாள்களும் அதற்குள் அடங்கிவிடும். 2021 கணினியை அப்போது மாற்றி, இணையம், வாட்ஸ்அப், வாடிக்கையாளரின் பென்டிரைவ் எல்லாவற்றையும் அதற்கே ஒதுக்குங்கள். 2016 கணினியில் பேஜ்மேக்கரும் பழைய அச்சுப்பொறியும் இருந்தபடியே இருக்கட்டும்; அக்டோபர் 13 வருவதற்குள் அதன் இணையக் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, 2021 கணினியில் வைரஸ் சோதனை செய்த கோப்புகளையே, கடைக்கென்று தனியாக வைத்த ஒரு பென்டிரைவில் அதற்குக் கொண்டுசெல்லுங்கள்.