1430 ஸ்கோரை அனுப்பலாமா, வேண்டாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் என் மகன் 1600-க்கு 1430 எடுத்திருக்கிறான். அவன் ஆசைப்படும் கல்லூரிகள் எல்லாம் தங்கள் மாணவர்களின் ஸ்கோர் 1500–1560 என்று போட்டிருக்கின்றன. கட்டாயம் இல்லாத இடங்களுக்கு ஸ்கோரை அனுப்பவே வேண்டாம் என்கிறார் என் கணவர். அது சரியா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பாதி சரி. முதலில் எங்கே கட்டாயம், எங்கே இல்லை என்று பாருங்கள், ஏனென்றால் கொரோனா சமயத்தில் தளர்த்திய விதியைப் பலர் திரும்ப இறுக்கிவிட்டார்கள். எம்.ஐ.டி. 2022-லேயே மறுபடியும் கட்டாயமாக்கியது. முதலாண்டு கால்குலஸையும் இயற்பியலையும் யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று கணித ஸ்கோர் இல்லாமல் கணிப்பது கஷ்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட் 2024-ல் அதே வழிக்கு வந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ (பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எல்லாம் இதில் அடக்கம்) அட்மிஷனுக்கு ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை, அங்கே இந்தக் கவலையே வேண்டாம்.

சரி, அந்த 1500–1560 விஷயத்துக்கு வருவோம். அது சேர்ந்தவர்களில் நடுப் பாதியின் ஸ்கோர், அதாவது கால்வாசிப் பேர் 1500-க்கும் கீழே. அதுமட்டுமில்லை, கட்டாயம் இல்லாத கல்லூரியில் நல்ல ஸ்கோர் வாங்கியவன்தான் அனுப்புவான், மற்றவன் கமுக்கமாக இருந்துவிடுவான், அதனால் அந்த எண் தானாகவே மேலே ஏறிவிடுகிறது. அதைப் பார்த்து மிரண்டு அடுத்த வருஷம் இன்னும் பலர் அனுப்பாமல் விடுகிறார்கள், எண் இன்னும் ஏறுகிறது! டார்ட்மவுத் தன் விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் 1400-ஐ ஒட்டிய ஸ்கோரை மறைத்தது தெரிந்தது, அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும்.

காரணம், அங்கே ஸ்கோரை மாணவனின் பள்ளியோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். உங்கள் பள்ளியின் சராசரி 1100 என்றால் 1430 பளிச்சென்று தெரியும், யோசிக்காமல் அனுப்புங்கள். வகுப்பில் பாதிப் பேர் 1500 தாண்டும் பள்ளி என்றால், கட்டாயம் இல்லாத இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்கலாம். பள்ளி கவுன்சிலரிடம் சராசரியைக் கேளுங்கள், சொல்வார்.

அப்புறம், 1430 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் 770, ஆங்கிலம் 660 என்று இருந்தால் ஆங்கிலத்துக்கு மட்டும் தயாராகி இன்னொரு முறை எழுதட்டும். பல கல்லூரிகள் இரண்டு முறையிலும் சிறந்த பகுதியை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. முன்கூட்டியே, நவம்பர் 1-க்குள் விண்ணப்பிக்கப் போகிறான் என்றால் ஆகஸ்ட் தேர்வுக்கே பதிவு செய்துவிடுங்கள்.