“பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?” – ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். கனடாவுக்கு வந்து எட்டு மாதம். மகளுக்கு நாலரை வயது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், பாடப்புத்தகம், நேரசூசி எதுவும் வைக்காமல், அவளுடைய கேள்விகளின் பின்னால் போய், பள்ளியில்லாக் கல்வி என்கிற முறையில் வீட்டிலேயே வளர்க்க விருப்பம். மாமியும் மச்சாளும் “ஒருத்தரும் செய்யாத வேலை” என்று கோபப்படுகிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா, பொலிஸ் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று தொலைபேசியில் சொல்லி உங்கள் நித்திரையைக் கெடுத்துவிட்டார். உண்மையிலேயே அப்படி நடக்குமா, இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2008இல் இங்கே, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவள். மகனுக்கு இப்போது பதினொரு வயது. 2018இல் மூன்று மாதம் ஜேகே, அதாவது நாலு வயதுப் பாலர் வகுப்புக்குப் போனான். ஆசிரியை நல்லவர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். நிற்பாட்டினோம். பிறகு அனுப்பவில்லை.

முதலில் பொலிஸ் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டில் அப்படித்தான். ஜெர்மனியில் பிள்ளை கட்டாயம் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும், வீட்டில் படிப்பிக்கிறோம் என்ற சாட்டு அங்கே எடுபடாது. தண்டப் பணம், நீதிமன்றம் என்று போன குடும்பங்கள் உண்டு. எங்கள் சனம் பத்து நாடுகளில் சிதறிக் கிடப்பதால், ஒரு நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டுக்கு வாட்ஸ்அப்பில் புத்திமதியாக வந்து சேருகிறது. லண்டனில் இருக்கும் சித்தியிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும், இங்கிலாந்தில் வீட்டுக்கல்விக்குத் தடை இல்லை.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை கட்டாயக் கல்வி. நாலு வயது ஜேகேயும் ஐந்து வயது எஸ்கேயும் கட்டாயம் இல்லை. ஆகவே இப்போதைக்கு நீங்கள் யாருக்கும் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. ஏற்கெனவே பதிந்திருந்தால் மட்டும் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி எடுத்துவிடுங்கள். ஆறு வயது நிரம்பி வரும் செப்டம்பரில்தான் கணக்குத் தொடங்கும். வீட்டிலோ வேறு இடத்திலோ திருப்தியான கல்வி கிடைக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை என்று மாகாணக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று 2002இல் மாகாணக் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. 131ஆம் இலக்கம். அதன்படி, ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் உங்கள் பகுதிக் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம், ‘நாங்கள் வீட்டில் கல்வி கொடுக்கிறோம்’ என்ற ஒரு வசனம். அந்தக் கடிதத்தையே போதுமான சான்றாகச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும். சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு விசாரிப்பார்கள்.

கடிதத்தின் பிரதியையும் சபையிலிருந்து வரும் பதிலையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். குழந்தைகள் நலன் கொடுப்பனவுக்காக வருமானவரி அலுவலகம் சில வேளைகளில் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்கும். மற்றவர்கள் பள்ளிக்கூடக் கடிதம் கொடுப்பார்கள். உங்களிடம் அது இருக்காது. குடும்ப வைத்தியரின் கடிதம் கைகொடுக்கும், ஆகவே வைத்தியரிடம் ஒழுங்காகப் போய்வாருங்கள். ஊசிகளையும் நீங்களே கவனிக்க வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்து நினைவுபடுத்தி யாரும் கடிதம் போடமாட்டார்கள்.

சட்டம் இவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. மற்றது, அதாவது உறவுகள், எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர். மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் மறைத்தேன். “பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்திட்டானோ?” என்று போனில் கேட்பார். “ஓம் அம்மா” என்பேன். ஒருநாள் அவனே போனை வாங்கி, “அம்மம்மா, நான் பள்ளிக்கூடம் போறேல்லையே” என்று சொல்லிவிட்டான். அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் செய்ததிலேயே பெரிய பிழை அந்த ஒளிப்புத்தான். அவருடைய கோபத்தில் பாதி பள்ளிக்கூடத்துக்காக, பாதி என் பொய்க்காக. முதல் பாதியோடு பேசித் தீர்க்கலாம். மற்றப் பாதி ஆற வருடக்கணக்காகும். நீங்கள் அந்தப் பிழையைச் செய்யவேண்டாம்.

பேசத் தொடங்கியபோது அம்மா சொன்னது இது: “உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடேக்க இந்தப் பேப்பருகளைத்தான் கொண்டு ஓடினனாங்கள். உனக்குப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்தில இருக்கு. வேண்டாம் எண்டுறாய்.”

அவர் சொன்னது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. எனக்குப் பத்து வயது. இராணுவம் நெருங்க, வலிகாமம், அதாவது யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமும், முழுக்க ஒரே ராத்திரியில் வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. அம்மாவின் பையில் எங்கள் பிறப்புப் பத்திரங்கள், அவருடைய சான்றிதழ்கள், எங்கள் தேர்ச்சி அறிக்கைகள் இருந்தன. நகைகளை வீட்டில் புதைத்துவிட்டு, அந்தப் பையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் மாமரத்துக்குக் கீழே எங்களுக்கு வகுப்பு நடந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அதற்குள் ஒரு துளி மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில்தான் நான் பின்னமும் தசமமும் படித்தேன்.

இன்னும் பின்னால் போனால், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்றாக்கிய முறை. அம்மாவின் அண்ணனுக்கு மருத்துவப் பீடம் தவறியது அதில்தான். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது அம்மா இளம் ஆசிரியை. காணி போகும், வீடு போகும், படிப்பு மட்டும் போகாது என்று நம்பிய தலைமுறை அது. அதற்காக எதையும் விற்றார்கள். அந்தத் தலைமுறையிடம் போய், “பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை” என்று நாம் ஒரு வசனத்தில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘உறவுகளை ஒதுக்கி வையுங்கள், உங்கள் பிள்ளை உங்கள் முடிவு’ என்று இங்கே சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். நான் அதற்கு முழுதாக எதிர். இந்த நாட்டில் உங்கள் மகளுக்கு இருக்கும் ஊர் அவர்கள்தான். பள்ளிக்கூடமும் இல்லை, சொந்தமும் இல்லை என்றால் பிள்ளை எங்கே போய் மனிதர்களைப் படிக்கும்?

நானும் முதலில் வாதம்தான் செய்தேன். ஜோன் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் வகுப்பறையில் வருடக்கணக்காகப் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு எழுபதுகளில் இந்தப் பாதையைப் பேசத் தொடங்கினார், 1977இல் இதற்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார் என்றெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். “அவர் வெள்ளைக்காரர், வேலை கிடைக்காட்டிலும் அவருக்குக் காரியமில்லை” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் அது நியாயமான கேள்விதான் என்று நினைக்கிறேன். கறுத்த நிறமும் தமிழ்ப் பெயரும் உள்ள பிள்ளை கையில் ஒரு பத்திரமும் இல்லாமல் இங்கே நிற்கக் கூடாது. அதனால் பத்தாம் வகுப்பு வயது வரும்போது, மாகாணத்தின் தொலைதூரக் கல்வி மையத்தினூடாக உயர்பள்ளிப் பாடங்களை எடுப்பான் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். அது அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதையில்லை. அப்படித்தான் செய்யப்போகிறோம். இங்குள்ள சில பல்கலைக்கழகங்களில் வீட்டில் படித்த பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தனி வழியும் இருக்கிறது. உங்கள் மாமிக்கும் பெரியவளானதும் என்ன செய்வாள் என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். நாலரை வயதுப் பிள்ளை இன்று என்ன படித்தாள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

சொந்தக்காரர் பரீட்சை வைப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். 2022இல் ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் வைத்து ஒரு மாமா என் மகனிடம் “ஏழெட்டு எத்தனை?” என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வயது. அப்போது அவன் சரளமாக வாசிக்கவும் தொடங்கவில்லை. நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அவனுடைய மச்சான்மார் அதே வயதில் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடுகிறேனோ என்று பல இரவு கணவரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் உங்களுக்கும் வரும். வராத தாய் இதைச் செய்யக்கூடாது என்றுகூட நினைக்கிறேன்.

அவன் வாசிக்கப் பழகியது ரயிலில். பன்னிரண்டு வயது வரை ரிரிசியில், அதாவது ரொறன்ரோவின் பொதுப் பஸ், ரயில்களில், கட்டணம் இல்லை, அதனால் பனிக்காலம் முழுக்க நாங்கள் வெளியேதான். கெனடி நிலையத்திலிருந்து மக்கோவன் வரை ஓடிய பழைய ஸ்காபரோ ஆர்ரி ரயில் அவனுக்கு உயிர். லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மெயர், மிட்லண்ட் என்று நிலையப் பெயர்களைப் படமாகப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அவை எழுத்தாகிவிட்டன. பிறகு பஸ்களின் நேர அட்டவணை. 54ஆம் இலக்கம் பிந்தினால் 86ஐப் பிடிக்க எத்தனை நிமிடம் இருக்கும் என்று கணக்குப் பார்ப்பான். கூட்டல் கழித்தல் அங்கே வந்தது, பெருக்கல் அதன் பின்னால் வந்தது. 2023 யூலையில் ஆர்ரியின் கடைசிப் பெட்டி தடம்புரண்டு சேவை அதோடு நின்றுபோனபோது, அந்தப் பாதை 1985இல் திறந்ததிலிருந்து முழு வரலாற்றையும் நூலகத்தில் தேடித் தேடி வாசித்தான். ஒன்பது வயது. அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை ஒரு கொப்பியோடு வந்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் அம்மாவிடம் தமிழ் எழுதப் படிக்கிறான். அவர் நேரம் வைத்து, சிவப்புப் பேனாவோடுதான் படிப்பிப்பார். பிள்ளையின் போக்கில் விடுகிற முறைக்கு இது நேர்மாறு என்று கண்டிப்பான ஆட்கள் சொல்வார்கள். நான் தலையிடுவதில்லை. அவனுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் பிடித்திருக்கிறது. இப்போது யாராவது “பேரன் எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டால், “என்னட்டப் படிக்கிறான்” என்கிறார். உங்கள் மாமி கைப்பணி செய்பவரா, தோட்டக்காரியா, கணக்குப் பிள்ளையா எனக்குத் தெரியாது. எதுவானாலும் அதில் ஒரு பங்கைப் பிள்ளைக்காக அவரிடம் கேளுங்கள். மன்றாடியாவது கேளுங்கள்.

இனி, உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்று. வந்து எட்டு மாதம் என்கிறீர்கள், நிலக்கீழ் வீடு, கணவருக்கு இரண்டு வேலை. உங்களுக்கு இன்னும் ஒரு சிநேகிதிகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நவம்பர் வந்தால் பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த வீட்டுக்குள் தாயும் பிள்ளையும் ஒரு போன் திரையுமாக ஆறு மாதம் இருந்தால், அதற்குப் பெயர் பள்ளியில்லாக் கல்வி இல்லை. அப்படி இருக்கும் என்று தோன்றினால் ஒரு வருடம் எஸ்கேக்கு அனுப்புங்கள். முழுநாள், இலவசம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. அனுப்பவில்லையென்றால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான ஏர்லிஓன் நிலையங்கள் இலவசம், கிழமையில் மூன்று நாள் போங்கள். நூலகத்தில் கதை நேரத்துக்குப் போங்கள். ஸ்காபரோக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. மகளுக்காக மட்டுமில்லை, நீங்கள் நாலு பேரோடு பேசவும்தான். கணவர் அரைமனதோடு இருந்தால் தொடங்கவே வேண்டாம். மாமியின் கோபத்தை இரண்டு பேர் சேர்ந்து தாங்கலாம், ஒருவரால் முடியாது.

மாமி யூலையில் வந்து ஆறு மாதம் நிற்பார் என்றீர்களே. செப்டம்பர் கடைசியில் ஹைலண்ட் கிரீக்கில் சமன் மீன்கள் ஏரியிலிருந்து முட்டையிட மேலே ஏறும். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் நடந்து போனால் கரையில் நின்றே பார்க்கலாம். மழை பெய்த அடுத்த நாள் நல்லது, ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் போவோம், அம்மாவும் வருவார், கல்லில் கால் வழுக்காத சப்பாத்துப் போட்டுக்கொண்டு. மகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் அம்மாவும் உங்கள் மாமியும் தங்கள் பழைய காலத்தையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிப் பேச ஒரு வாங்கு அங்கே இருக்கிறது. நான் தேத்தண்ணி கொண்டு வருகிறேன்.