ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் மார்ச் 1 அன்று கூட வேலை செய்யும் பெண்களுக்குச் சிவப்பு வெள்ளைக் கயிறு கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள், தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் இருக்கும் புக்காரெஸ்ட் பக்கம் ஆண்கள்தான் பெண்களுக்குக் கொடுப்பார்கள். அம்மா, மனைவி, பிள்ளையின் டீச்சர், கூட வேலை பார்ப்பவர் என்று எல்லோருக்கும். காதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதன் பெயர் மர்ட்சிஷோர். மார்ச் மாதத்தைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர், 'குட்டி மார்ச்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல், அதில் ஒரு சின்னப் பூவோ வண்டோ தொங்கும். வெள்ளை பனிக்கு, சிவப்பு வரப்போகும் வெயிலுக்கு. பிப்ரவரி கடைசியில் தெருவெல்லாம் மேசை போட்டு விற்பார்கள்.

நீங்கள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும், ருமேனிய மொழி நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் வேலை பார்த்தது வடகிழக்கே யாஷ் நகரத்தில், ஒரு பேக்கரியில், மூன்று வருடம். அந்தப் பக்கம் வழக்கம் தலைகீழ், பெண்கள் ஆண்களுக்குக் கொடுப்பார்கள். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் மார்ச் 1, விடியற்காலை ஷிப்ட். மாவு மேசையில் என் பக்கத்தில் நிற்கும் அறுபது வயது அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டில் கட்டிவிட்டார். ராக்கி மாதிரி ஏதோ என்று நினைத்துச் சிரித்துவிட்டு நின்றேன். அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, நூல் மாவில் விழும், கழற்று என்றார். முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன்.

அந்த அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த மாவைத் தட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. நாலு வருடமாக அங்கே இருந்த நேபாளத் தோழன்தான் இரவு அறையில் விளக்கிச் சொன்னான். அதை மார்ச் முழுக்க, இல்லையென்றால் மரம் பூக்கும் வரை போட்டிருந்து, பிறகு ஒரு பழமரத்துக் கிளையில் கட்ட வேண்டும். அறுத்து எறிவது, கொடுத்தவர் நமக்காக நினைத்த நல்லதை எறிவது மாதிரி. எனக்குத் தூக்கமே வரவில்லை.

இங்கே வந்து 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன், கயிறு காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனுஷி விடியற்காலை நாலு மணிக்கு எனக்காக ஒன்றைக் கொண்டுவந்தார், அதைத்தான் சொல்கிறேன். 2017இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, ருமேனியா, மால்டோவா, பல்கேரியா, வட மாசிடோனியா நான்குக்கும் சேர்த்து. அப்புறம், நான் பார்த்தது யாஷ் மட்டும்தான். க்ளூஜிலோ திமிஷோவாராவிலோ இருப்பவர்கள் அங்கே வேறு மாதிரி என்றால் அதுவும் சரியாகவே இருக்கும்.

மறுநாள் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ருமேனியத்தில். அவர் கேட்டது என் பிறந்த தேதியை. 23 என்றேன். இரண்டும் மூன்றும் ஐந்து, உன் 'பாபா' 5ஆம் தேதி என்றார். பாபா என்றால் கிழவி. தோக்கியா என்ற கிழவி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி, ஒன்பது கம்பளியைப் போட்டுக்கொண்டு ஆடுகளோடு மலையேறினாளாம். வெயில் அடிக்க அடிக்க நாளுக்கு ஒன்றாகக் கழற்றிப் போட்டாள். ஒன்பதும் போன பிறகு குளிர் திரும்பி வந்து ஆடுகளோடு கல்லாக உறைந்துபோனாள். அந்தப் பக்கத்துச் சியஹ்லவ் மலையில் அந்தப் பாறையைக் காட்டுவார்கள். அதனால் மார்ச் 1 முதல் 9 வரை கிழவி நாட்கள். நம் நாளில் வானம் எப்படியோ நம் வருடமும் அப்படி. 5ஆம் தேதி காலையில் பனி கொட்டியது, மதியம் நல்ல வெயில். வருடத்தின் முதல் பாதி கஷ்டம் 'மமெ', பிறகு சரியாகும் என்றார். அங்கே வயதான பெண்கள் பிள்ளைகளை மமெ, அதாவது அம்மா என்றே கூப்பிடுவார்கள், நம் வீட்டில் அப்பா மகனை 'என்னப்பா' என்பது போல.

கஷ்டம் என்றதும் எனக்கு ஊர் ஏஜென்ட்தான் ஞாபகத்துக்கு வந்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் யாராவது படித்துத் தப்பிக்கட்டும். வேலை அனுமதிக்கு ருமேனியக் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அதை வாங்கித் தருகிறேன் என்று அந்த ஏஜென்ட் என்னிடம் லட்சக்கணக்கில் வாங்கினார். அந்தக் கடனுக்கு அம்மாவின் வளையல் போனது. இன்னும் ஆறவில்லை.

சரி. மார்ச் 8ஆம் தேதி இரவு முழுக்க நாங்கள் முச்செனிச் என்ற பலகாரம் போட்டோம். பழைய ரோமப் பேரரசின் செபஸ்தே நகரத்தில், உறைந்த ஏரியில் மதத்துக்காக உயிர்விட்ட நாற்பது கிறிஸ்தவ வீரர்களுக்காக 9ஆம் தேதி சாப்பிடுவது. யாஷில் இனிப்பு மாவை '8' என்ற எண்ணின் வடிவத்தில் முறுக்கி, சுட்டெடுத்து, தேன் தடவி வால்நட் பொடி தூவுவார்கள். உங்கள் பக்கம் அதையே சின்னச் சின்னதாகச் செய்து, பட்டை போட்ட சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்துக் கிண்ணத்தில் தருவார்கள். யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார். முற்றத்தில் பிளம் மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். நான் வெட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். தாழ்வான கிளை ஒன்றைப் பிடித்து வளைத்துக்கொண்டு, நீயே கட்டு என்றார்.

பிப்ரவரி 28ஆம் தேதிக்குள் கயிறு வாங்கிவிடுங்கள். கொடுக்கும்போது 'ஓ பிரிமவாரா ஃபுருமோவாசா' என்று சொல்லுங்கள், வசந்தம் அழகாக அமையட்டும் என்று அர்த்தம்.