பாதாமிக்கு ஒரு நாள் போதுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் வட கர்நாடகம் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன், மாமனார், மாமியார் என ஐந்து பேர். கையில் ஏழு நாள் இருக்கிறது. முதல் நாள் ஹம்பி, இரண்டாம் நாள் பாதாமி, ஐஹொளே, பட்டதகல் மூன்றும், மூன்றாம் நாள் பிஜாப்பூர், அடுத்து குல்பர்கா, பீதர், அங்கிருந்து இறங்கி பேளூர், ஹளேபீடு, கடைசி நாள் கோவா என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிப்படுமா? எங்களில் யாரும் வரலாறு படித்தவர்கள் இல்லை. "கல்லைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்கிறார் மாமனார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் வாதாபி கணபதி இருந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம். "நம்ம ராஜா எரித்த ஊரில் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் எந்த ஊரும் சோடையில்லை. ஆனால் பீதர் கர்நாடகத்தின் வடகோடி, பேளூர் தெற்கே மலைநாட்டை ஒட்டியது. இரண்டையும் ஒரே வாரத்தில் பிடித்தால் உங்கள் மாமனார் பார்க்கப்போவது கல்லைக்கூட இல்லை, நெடுஞ்சாலையைத்தான். குல்பர்கா, பீதர், பேளூர், ஹளேபீடு, கோவா எல்லாவற்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள். பேளூரும் ஹளேபீடும் தனியாக ஒரு பயணத்துக்குத் தாங்கும்.

மிச்சமிருப்பது பிஜாப்பூர், பாதாமி வட்டாரம், ஹம்பி. இதில் நீங்கள் ஒரே நாளில் முடிக்க நினைத்த பாதாமி, ஐஹொளே, பட்டதகலுக்கு முழுதாக மூன்று நாள் கொடுங்கள். நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான். மூன்றும் மலப்பிரபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள். ஆறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், சாளுக்கியர் காலத்தில், கோயில் என்றால் என்ன வடிவம் என்று முடிவாகாத காலத்தில், இங்கே கல்லில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் அது புரியும். ஒரே நாளில் ஓடினால் மாலைக்குள் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும், சலித்துவிடும். "கல்லைப் பார்க்கவா" என்று பெரியவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் அதற்குமுன் போன இடங்களில் ஓட்டமாகத்தான் கூட்டிப்போயிருப்பார்கள்.

வழியைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸில் நேராக பிஜாப்பூர் போய்விடுங்கள். 2014இல் ஊரின் பெயர் விஜயபுரா என்று மாறிவிட்டது, டிக்கெட்டுக்கு அந்தப் பெயரில் தேடுங்கள். அங்கே ஓர் இரவு. பிறகு தெற்கே இறங்கி பாதாமியில் தங்கி மூன்று நாள். அப்புறம் ஹோஸ்பேட், ஹம்பி. திரும்ப ஹோஸ்பேட்டிலிருந்தே ராத்திரி ரயிலில் பெங்களூர் வந்துவிடலாம். காலவரிசை தலைகீழாகும், பரவாயில்லை. ஒரே திசையில் இறங்கி வருவதால் பெரியவர்களுக்கு அலைச்சல் குறையும்.

இனி பாதாமி. சாளுக்கியரின் தலைநகரான பழைய வாதாபி இதுதான். உங்கள் மகனின் கேள்வி நல்ல கேள்வி. 642இல் நரசிம்மவர்ம பல்லவனின் படை வாதாபியைப் பிடித்தது உண்மை. ஆனால் பாதாமியின் குகைக்கோயில்கள் அதற்கு முன்பே குடையப்பட்டவை, இன்றைக்கும் நிற்கின்றன. மூன்றாவது குகையில் சாளுக்கிய அரசகுலத்து மங்களேசன் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 500 என்று அதிலேயே போட்டிருக்கிறது, அதாவது கி.பி. 578. பல்லவப் படை வந்தபோது அந்தக் குகைக்கு வயது அறுபதுக்கு மேல். அனந்தன்மேல் அமர்ந்த பெருமாள், திரிவிக்கிரமன், நின்ற கோலத்தில் நரசிம்மர், தூண்களின் தலையில் ஜோடி ஜோடியாகக் காதலர்கள் என்று ஒன்றும் உருக்குலைந்து போகவில்லை. மகன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான்.

அவனுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். ஊருக்குள் ஒரு சின்னக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் பல்லவர் கல்வெட்டு ஒன்று உண்டு, பல்லவ கிரந்த எழுத்தில். நிறைய சிதைந்திருக்கிறது, ஆனாலும் மகாமல்லன் என்ற நரசிம்மவர்மனின் பட்டப்பெயரும் வாதாபி என்ற ஊர்ப்பெயரும் படிக்கக் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகத்தில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

உங்கள் மாமியாருக்கு வருகிறேன். நரசிம்மவர்மனின் படைத்தலைவர் பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டர் வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்து தம் ஊரான திருச்செங்காட்டங்குடியில் வைத்தார் என்பது அந்த ஊரின் வழிவழி நம்பிக்கை. முத்துசுவாமி தீட்சிதரின் ஹம்சத்வனிக் கீர்த்தனை அந்தப் பெயரை எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டது. பெரியபுராணம் பரஞ்சோதியார் வாதாபியைத் துகளாக்கியதைச் சொல்கிறது, அங்கிருந்து மணிகளும் நிதிக்குவியலும் யானைகளும் குதிரைகளும் கவர்ந்து வந்ததைச் சொல்கிறது. பிள்ளையாரைச் சொல்லவில்லை. ஆகவே "இங்கேதான் இருந்தார்" என்று யாராவது ஓர் இடத்தைக் காட்டினால் நம்பவேண்டாம்.

அதற்காக அம்மா வருத்தப்படவும் வேண்டாம். முதல் குகையின் வலப்பக்கப் பாறையில் பதினெட்டுக் கையோடு சிவன் ஆடுகிறார். அவர் பக்கத்தில் கீழே ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார், ஆறாம் நூற்றாண்டுப் பிள்ளையார். வாதாபியில் அன்றைக்கு இருந்து இன்றைக்கும் இருக்கும் கணபதி அவர். முதல் குகைக்கு ஏறவேண்டிய படியும் குறைவு, மெதுவாக ஏறிவிடலாம். மாமியார் அங்கே உட்கார்ந்துகொள்ளட்டும், மற்றவர்கள் மேலே உள்ள மூன்று குகைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். நான்காவது குகை சமணருடையது, பார்சுவநாதரும் பாகுபலியும் இருக்கிறார்கள். அந்த ஆடும் சிவன் முன்னால் பையனை நிறுத்தி, இரண்டு கைகளை மட்டும் பார், மற்றதை உன் உள்ளங்கையால் மறைத்துக்கொள் என்று சொல்லுங்கள். எந்த இரண்டு கையை எடுத்தாலும் ஓர் ஆடல் நிலை வரும். அங்குள்ள வழிகாட்டிகள் இதைச் செய்து காட்டுவார்கள்.

குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையைக் கையில் வைத்துக்கொண்டு படியேறாதீர்கள்.

மாலையில் அகஸ்திய தீர்த்தத்தின் கிழக்குக் கரைக்குப் போங்கள். ஏரிக்கரையோரமாக நடந்துபோனால் பூதநாதர் கோயில். மேற்கே பார்த்த கோயில், சாயங்கால வெயில் நேராக விழும், பின்னால் உள்ள செம்பாறை முழுக்க நிறம் ஏறும். பெரியவர்கள் நடக்கக்கூடிய தூரம்தான்.

இரண்டாம் நாள் ஐஹொளே. நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் உள்ள ஊர், எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம். லாட்கான் கோயிலின் கூரையை மட்டும் நின்று பாருங்கள். சாய்வாகக் கல்பலகைகளை அடுக்கி, இரண்டு பலகை சேரும் இடுக்கின்மேல் நீளநீளமாகக் கல்சட்டங்களை வைத்து மூடியிருக்கிறார்கள். மர வீட்டில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க இடுக்கின்மேல் சட்டம் அடிப்பார்களே, அதே வேலை. மரத்தில் பழகிய கை கல்லுக்கு வந்ததை அங்கே பார்க்கலாம். மேலே உள்ள சின்னச் சன்னிதிக்கு ஏற வைத்திருக்கும் ஏணிகூடக் கல்தான். உங்கள் மாமனார் வீடு கட்டியவர் என்றால் அவரைத்தான் இங்கே பேசவிடவேண்டும்.

குன்றின்மேல் மேகுடி என்ற சமணக் கோயில். சுவரில் ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு, 634ஆம் ஆண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழ்ப்பாட்டு அது. தன் புகழில் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகர் என்று புலவர் தன்னையே சொல்லிக்கொள்கிறார். புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் மங்கிப்போன பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று ஒரு வரி வருகிறது. அதற்கு எட்டே ஆண்டில் வாதாபி விழுந்தது. நரசிம்மவர்மன் ஏன் அவ்வளவு தூரம் வந்தான் என்பதை மகன் இந்தச் சுவரைப் பார்த்தபின் தெரிந்துகொள்வான்.

மூன்றாம் நாள் பட்டதகலுக்கு. பாதாமியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், இருட்டோடு கிளம்பி வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், பள்ளிக்கூடப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் இரைச்சல் தாங்காது. ஒரே புல்வெளியில் வடநாட்டு வளைந்த சிகரமும் தென்னாட்டு அடுக்கு விமானமும் பக்கம்பக்கமாக நிற்பதை இவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நேரத்தைக் கொடுக்கவேண்டியது விருபாட்சர் கோயிலுக்கு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி 740ஐ ஒட்டிக் கட்டியது. உள்ளே போகும்போதே நமக்கு இது தெரிந்த இடம் என்று தோன்றும். சுற்றி மதில், மதிலோரம் சின்னச்சின்னச் சன்னிதிகள், நடுவே அடுக்கு விமானம் என்று காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சாயல் அப்படியே இருக்கிறது. தோற்ற ஊரின் கோயிலைப் பார்த்துத் தங்கள் ஊரில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்களின் பெயர்களும் கல்லிலேயே உள்ளன: குண்ட அனிவாரிதாசாரி, சர்வசித்தி ஆசாரி. இரண்டாமவருக்குத் தென்திசையின் சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடக் கலைஞர், என்று பட்டம். அரசர்கள் பெயரோடு சேர்த்து இந்த இரண்டு பெயரையும் பையன் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கதையின் மறுபாதி நம் பக்கத்தில் இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த விக்கிரமாதித்தன் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையடிக்கவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் அவனுடைய கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் மண்டபத் தூணிலேயே இருக்கிறது. அடுத்தமுறை காஞ்சி போகும்போது பட்டுக்கடைக்கு முன்னால் அங்கே போங்கள். பாதாமிப் பாறையில் பல்லவன் எழுத்து, காஞ்சித் தூணில் சாளுக்கியன் எழுத்து. நம் பள்ளிப் புத்தகங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விருபாட்சரில் இன்றும் பூசை நடக்கிறது. மண்டபத் தூண்களில் ராமாயணம், பாரதம். ராவணனோடு ஜடாயு போரிடும் காட்சியை மாமியார் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்.

இடையில் மகாகூடம் என்ற ஊருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊற்றுத் தண்ணீர் நிரம்பிய குளம், சுற்றிலும் சாளுக்கியர் காலத்துச் சின்னக் கோயில்கள், இறங்கிக் குளிக்கலாம். பனசங்கரி கோயில் வாசலில் பெண்கள் கூடையில் சோள ரொட்டி கொண்டுவந்து விற்பார்கள். நிலக்கடலைச் சட்னிப்பொடி, கத்தரிக்காய் எண்ணெய்காய், கெட்டித் தயிர். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், விடுதிச் சாப்பாட்டைவிட அது மேல்.

நீங்கள் கோவைக்காரர், நெகமம் சேலை தெரிந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். இல்கல் சேலை இந்த வட்டாரத்தில் நெய்வதுதான். அதில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், இரண்டு பகுதி: உடல் பாவு தனி, முந்தானைப் பாவு தனி. இரண்டையும் இழை இழையாக வளையம் போட்டுக் கோர்த்த பிறகுதான் தறி ஓடும். ஒரு சேலைக்கு வேண்டிய நீளத்துக்குத்தான் பாவு, அடுத்த சேலைக்கு மறுபடி முதலிலிருந்து. ரவிக்கைத் துணிக்குப் பேர்போன குளேதகுட்டாவும் பக்கம்தான். வண்டிக்காரரிடம் கேட்டு ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கடையில் வாங்குவதைவிட அங்கேயே ஒன்று வாங்குங்கள், நெய்தவர் கையில் காசு போகும்.

பிஜாப்பூரில் கோல் கும்பஸ் என்ற கல்லறை மாளிகை, 1656. தூணே இல்லாத ஒற்றைக் கூடம், மேலே ஏறத்தாழ 44 மீட்டர் அகலக் கவிகை (கும்மட்டம்). மூலைக் கோபுரத்துக்குள் ஏழு மாடி ஏறினால்தான் எதிரொலி மாடம், மாமியார் கீழேயே நிற்கட்டும். குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் வளைவுகள் அந்தக் கவிகையைத் தாங்குவதைக் கீழிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும். மறுநாள் காலை இப்ராகிம் ரௌசா. அங்கே அடக்கமாகியிருக்கும் இரண்டாம் இப்ராகிம் ஆதில்ஷா சரஸ்வதியையும் கணபதியையும் பாடல்களில் துதித்த சுல்தான். மாமியார் பாடுகிறவர் என்றால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஹம்பியைப் பற்றி நான் நீட்டவில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு காலை விட்டலர் கோயில், ஒரு மாலை ஹஜாரராமர் கோயிலும் படிக்கட்டுக் குளமும், நடுவில் அந்த ஊர் விருபாட்சர் கோயில் போதும். விருபாட்சரில் கோபுரத்தின் நிழல் ஒரு துளை வழியாக வந்து சுவரில் தலைகீழாக விழும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள், ஏழாம் வகுப்பு அறிவியல் அங்கே உயிரோடு இருக்கிறது.

தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரம் என்றால் ஹம்பிப் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். முதலில் ஹோஸ்பேட்டில் அறையையும் திரும்பி வரும் ராத்திரி ரயிலில் மாமியாருக்குக் கீழ்ப் படுக்கையையும் உறுதி செய்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.