லேசர் துடிப்பிலிருந்து டெராஹெர்ட்ஸ் அலை எப்படிப் பிறக்கிறது?

800 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண் சுமார் 375 டெராஹெர்ட்ஸ் (1 டெராஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வுகள்). அதைப் படிகத்துக்குள் விட்டால் வெறும் 1 டெராஹெர்ட்ஸ் அலை எப்படி வெளிவருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விடை கழித்தலில் இருக்கிறது.

100 ஃபெம்டோநொடி (ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு) மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பில் ஒரே அதிர்வெண் இருக்க முடியாது. சில டெராஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். துத்தநாக டெலுரைடு போன்ற குறைக்கடத்தியில் எலெக்ட்ரான்களின் அசைவில் ஒரு சிறு பங்கு, ஒளியின் மின்புலத்தினுடைய இருமடியை, அதாவது அதை அதனாலேயே பெருக்கிய மதிப்பைப் பின்பற்றுகிறது. அந்தப் பங்கில் ஒவ்வொரு ஜோடி அதிர்வெண்ணின் வித்தியாசமும் வந்துவிடும். 375இலிருந்து 374ஐக் கழித்தால் 1, அவ்வளவுதான். சிலிக்கானின் படிக அமைப்பு மையச் சமச்சீர் கொண்டது (ஒரு மையப் புள்ளி வழியாகத் திருப்பிப் போட்டாலும் அதேபோல இருக்கும்) என்பதால் அதனுள் இது நடக்காது.

சரி, சமச்சீரற்ற எந்தப் படிகமும் போதுமா? போதாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். துடிப்பு படிகத்துக்குள் நகர நகர, வழியெங்கும் டெராஹெர்ட்ஸ் அலைகள் பிறந்துகொண்டே இருக்கும். துடிப்பும் அவையும் ஒரே வேகத்தில் போனால்தான் ஒன்றோடொன்று கூடி வலுக்கும். இல்லையென்றால் முன்னே பிறந்ததைப் பின்னே பிறந்தது அழித்துவிடும். துத்தநாக டெலுரைடில் 800 நானோமீட்டரை ஒட்டியே இந்த வேகப் பொருத்தம் அமைகிறது. டைட்டானியம்-சஃபையர் லேசர் தருவதும் அதே அலைநீளம்! ஆய்வகங்களில் இந்த ஜோடி நிலைத்ததற்கு அது முக்கியக் காரணம்.

லேசர் ஆற்றலை டெராஹெர்ட்ஸாக மாற்றும் திறன் குறைவுதான். லேசர் ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் 1.55 எலெக்ட்ரான்வோல்ட், 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானுடையது சுமார் 0.004. ஒரு லேசர் ஃபோட்டானுக்கு ஒரு டெராஹெர்ட்ஸ் ஃபோட்டான் கிடைத்தாலும் திறன் 0.3 சதவீதத்தைத் தொடாது. அப்புறம், லேசர் செறிவை ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்பட்டு, விடுபட்ட எலெக்ட்ரான்கள் டெராஹெர்ட்ஸையே விழுங்கும். அதனால் அகலமான படிகத்தில் கற்றையை விரித்து அனுப்புவது நல்லது.